உள்ளூர்க்காரர் பெயரில் நிலம் வாங்குவது பற்றி

பாலித் தீவின் சிற்றூர் ஒன்றில் வெளிநாட்டவர் உள்ளூர்க்காரர் பெயரில் வயல் வாங்கி விடுதி கட்டலாம் என்று ஒரு கட்டுரையாளர் கூறும் யோசனை எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரிமையை வெளிநாட்டவர் பெற முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அவருக்குக் கைமாற்றும் ஒப்பந்தம் செல்லாது என்பதோடு, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க இயலாது. குத்தகையோ ‘ஹக் பாக்காய்’ என்னும் பயன்பாட்டுரிமையோதான் முறையான வழி. அதைவிட என்னை வருத்துவது வயல்களின் நிலை. ஜாத்திலுவி போன்ற ஊர்களில் உழவர்கள் கூடி நீரைப் பங்கிடும் சுபாக் முறையை யுனெஸ்கோ 2012 இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேல்வயல்களைக் கடந்தே கீழ்வயல்களுக்கு நீர் செல்லும் அத்தகைய இடத்தில், நடுவே எழும் ஒரே ஒரு விடுதி வாய்க்காலை மறித்தாலும் கீழேயுள்ள குடும்பங்களின் நடவு கெடும். பயணியாகச் செல்பவர்கள் ஊரார் வீடுகளிலேயே வாடகைக்குத் தங்கலாமே!