ஆஸ்டோரியா லைனின் கடைசி 200 மீட்டர்

நியூயார்க் சப்வே பற்றிப் பேச்சு வந்தால் "குயின்ஸ் பகுதியில் இருக்கும் ஆஸ்டோரியாவுக்கு இன்னும் நாலு ரயில் விட்டால் என்ன?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். புதுப் பெட்டி வாங்கினால் தீரும் என்பவர்கள், 31ஆம் தெருவுக்கு மேலே தூண்களில் நிற்கும் கடைசி ஸ்டேஷனான டிட்மார்ஸ் பூலவார்டை ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும்.

1917இல் திறந்தது. நடுவில் ஒரே பிளாட்பாரம், இருபுறமும் ஒவ்வொரு ட்ராக். வடக்கு முனையில் ரயிலைத் தடுக்கும் முட்டுக்கட்டை. அத்தோடு பாதை முடிந்தது. அதனால் தடம் மாறும் வேலை முழுக்க பிளாட்பாரத்துக்குத் தெற்கே, இரண்டு ட்ராக்குகளையும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே இணைக்கும் கிராஸ்ஓவரில்தான். ஒரு ரயில் அதில் குறுக்கே போனால் எதிரில் கிளம்ப வேண்டியது சிக்னலில் நிற்கும்.

ரயிலின் நீளம் 600 அடி, அதாவது 183 மீட்டர். எதிரே முட்டுக்கட்டை இருக்கும்போது யாரும் வேகமாக நுழைய முடியாது. மணிக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், தன் நீளத்தைக் கடக்கவே 41 வினாடி. அப்புறம் பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றும் நகரும் தண்டவாளம்) மாறிப் பூட்டி, சிக்னல் விழ வேண்டும்.

4 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் ஒரு ட்ராக்குக்குக் கிடைப்பது 8 நிமிடம். வர, போக, பாயின்ட் மாற 2 நிமிடம் கழித்தால் பிளாட்பாரத்தில் நிற்க மிச்சம் 6. இதையே 3 நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் மிச்சம் 4 தான். காகிதத்தில் போதும். ஆனால் இங்கே வரும் 'N' ரயில் நகரின் தென்கோடியான கோனி ஐலண்டிலிருந்து மன்ஹாட்டன் பாலம் ஏறி, வழியெல்லாம் மற்ற லைன்களோடு ட்ராக்கைப் பங்குபோட்டு வருகிறது. அந்தத் தாமதத்தை விழுங்குவதும் இந்த 4 நிமிடம்தான்.

லாகார்டியா விமான நிலையம் வரை லைனை நீட்டும் திட்டம் 2003இல் கைவிடப்பட்டது. தலைக்கு மேல் இரும்புப் பாதை வந்தால் எவ்வளவு இரைச்சல் என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. விமான நிலையச் சண்டையில், முட்டுக்கட்டையைத் தாண்டி ஒரு ரயில் நீளத்துக்காவது ட்ராக் போடும் பேச்சு காணாமல் போனது. 2015இல் திறந்த ஹட்சன் யார்ட்ஸ் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு அப்பாலும் சுரங்கத்தில் ட்ராக் ஓடுகிறது. அங்கே நுழையும்போது இவ்வளவு பயந்து பிரேக் பிடிக்க வேண்டியதில்லை.

புது ட்ராக் வரும் வரை ஆளை வைத்துச் சமாளிக்கலாம். வந்த ரயிலைத் திரும்ப எடுக்க அதன் ஓட்டுநர் 183 மீட்டர் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டாம். அங்கே இன்னொருவர் தயாராக நிற்கட்டும். வந்தவர் அடுத்து வரும் ரயிலை எடுக்கட்டும். லண்டன் விக்டோரியா லைன் மணிக்கு 36 ரயில் ஓட்டுவதில் இந்த வழக்கத்துக்கும் பங்கு உண்டு. நெரிசல் நேரத்துக்குக் கூடுதலாக ஓரிரு ஓட்டுநர்கள் இருந்தால் போதும்.