பாடம் நடத்துவது வீடியோ இல்லை, நான்

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் வகுப்பை ஜன்னல் வழியாக எடுத்தது, ஒரு நிமிடம்கூட ஓடாது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கரும்பலகை காலி. நான் ஓரமாகக் கைகட்டி நிற்கிறேன். கீழே ஒரு வரி: "பாடத்தை வீட்ல வீடியோ பார்த்துட்டு வரச் சொல்லிட்டு டீச்சர் வேடிக்கை பார்க்கிறாங்க." பெற்றோர் குழுவில் கிளம்பி எங்கெங்கோ சுற்றி கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது. பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று நிர்வாகமே கூப்பிட்டு விளக்கம் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது என்ன சத்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே எறிந்த பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? இதுதான் அன்றைய கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பதில் அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். வகுப்பில் பாதிக்கும் மேல் 'பூஜ்ஜியம்' என்றார்கள். "சரி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட உங்க பதில் ஏன் சரின்னு பேசி ஒத்துக்க வைங்க" என்று விட்டுவிட்டேன். வீடியோவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாளே ஒரு பெண், அவள் சொல்வது இது: "பந்துதான் நின்னுடுச்சே, அப்புறம் ஏது முடுக்கம்?" எதிரே இருக்கும் பையன் கேட்கிறான்: "முடுக்கமும் இல்லேன்னா நின்ன பந்து ஏன் கீழ வரணும்? அங்கேயே நிக்கணும்ல?"

அவள் சட்டென்று பேச்சை நிறுத்தி யோசிக்கிறாள். வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்த அரை நிமிடத்தில் அவளே, "அப்போ வேகம்தான் பூஜ்ஜியம், புவியீர்ப்போட 9.8 அப்படியே இருக்கு, கீழ்நோக்கி" என்று சொன்னது யாருடைய போனிலும் இல்லை. நான் கைகட்டி நின்றது அதற்காகத்தான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் யோசிப்பதை விட்டுவிட்டு நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருப்பாள். எழுதியதை மனப்பாடம் செய்திருப்பாள். தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மறுபடி பூஜ்ஜியம் என்றே போட்டிருப்பாள். இதே பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட வருடங்களில் நான் திருத்திய விடைத்தாள்கள் அப்படித்தான் இருந்தன.

பாடம் நடத்துவது வீடியோ இல்லை, நான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வீட்டில் பார்க்கச் சொல்லும் வீடியோ செய்யும் வேலை ஒன்றுதான். வரையறை, சூத்திரம், ஒரு மாதிரிக் கணக்கு என்று சொல்லி முடிக்கவே வகுப்பு நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தை அது மீட்டுத் தருகிறது. மீண்ட நேரத்தில் பிள்ளை கணக்குப் போடுகிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். ஃப்ளிப்டு கிளாஸ், அதாவது தலைகீழ் வகுப்பு, என்பது இவ்வளவுதான். ஒரு விளக்கத்தைக் கேட்பதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. மாட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நாம் இத்தனை காலம் செய்தது அப்படியே நேர்மாறு. சுலபமான பகுதிக்கு ஆசிரியர் எதிரில் நின்றார், கஷ்டமான பகுதியை வீட்டுப்பாடம் என்று பிள்ளை தனியாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த வீட்டுக்குப் போன பிள்ளை நான். வகுப்பில் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். இரவு நோட்டை விரித்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். அப்பா வேலை முடிந்து வர நேரமாகும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நான் படிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "என்ன அப்படியே பார்த்துட்டு இருக்கே?" என்று கேட்டார். "வரலம்மா" என்றேன். "எனக்குத் தெரிஞ்சா சொல்லித் தர மாட்டேனா?" என்றார். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவேன். சரியான விடை, சுத்தமான கையெழுத்து, டீச்சரின் சிவப்பு மை டிக். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த டீச்சருக்குக் கடைசிவரை தெரியாது. நல்ல டீச்சர்தான். தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

இன்று எனக்கு வழி இருக்கிறது. வீடியோவுக்கு நடுவில் கேள்வி வைக்க எட்பசில் போன்ற கருவிகள் வந்துவிட்டன. குறிப்பிட்ட இடத்தில் ஓட்டம் நிற்கும், பதில் சொன்னால்தான் மேலே போகும். யார் பார்த்தார்கள், யார் பாதியில் விட்டார்கள், எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், எந்தக் கேள்வியில் வகுப்பே சறுக்கியது, எல்லாம் காலையில் வகுப்புக்குள் போவதற்கு முன்பே என் கையில் இருக்கும். பந்து கேள்வியை நான் சும்மா எடுக்கவில்லை. முந்தைய இரவு பெரும்பாலோர் தவறவிட்ட கேள்வி அது. வகுப்பில் அவர்கள் தூக்கிக் காட்டிய அட்டை பிளிக்கர்ஸ் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் பதில். நான் என் போனை ஒரு சுற்றுக் காட்டினால் அத்தனை பதிலும் பதிவாகிவிடும். வகுப்பில் பிள்ளைகள் கையில் மொபைலே கிடையாது. அந்த வீடியோவிலேயே பாருங்கள், ஒரு பிள்ளை கையிலாவது போன் இருக்கிறதா?

இது நான் கண்டுபிடித்த கூத்து என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவின் கொலராடோவில் வேதியியல் ஆசிரியர்கள் இருவர், ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ், 2007இல் தங்கள் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வகுப்புக்கு வர முடியாமல் போன மாணவர்களுக்காகத் தொடங்கியது அது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், நன்றாக மதிப்பெண் வாங்கும் தன் மாணவர்களுக்கு நியூட்டன் விதிகளை வைத்து மிகச் சாதாரணமான கேள்விகள் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டாராம். அதிலிருந்து அவர் வகுப்பின் போக்கே மாறியது. ஒரு கேள்வி, தனித்தனிப் பதில், பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி பதில். என் வகுப்பில் நடந்ததும் இதேதான். ஹார்வர்டில் நடந்தால் கல்வி, என் வகுப்பில் நடந்தால் வேடிக்கையா?

சோம்பேறித்தனம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் உள்ளே குத்திவிட்டது. ஆறு நிமிட வீடியோ எடுத்துப் பாருங்கள் என்றுதான் அவரிடம் கேட்கத் தோன்றுகிறது. ஏன் ஆறு நிமிடம்? எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர்கள் நழுவ ஆரம்பிக்கிறார்கள். அதனால் முக்கால் மணி நேரப் பாடத்தைச் சுண்டக் காய்ச்சி ஆறு நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். எந்த எடுத்துக்காட்டை விடுவது, எதை வைப்பது, எந்த இடத்தில் கேள்வி போடுவது என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஃபேன் சத்தம் கேட்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்த்து ஊற்ற உட்கார்ந்து பதிவு செய்கிறேன். நடுவில் நாக்குக் குழறினால் முதலிலிருந்து. பிறகு பிள்ளைகளின் பதில்களைப் படித்து மறுநாளைக்குத் திட்டம். கரும்பலகை முன் நின்று பேசிவிட்டுப் போவது எனக்கு எவ்வளவோ சுலபம். பழக்கமான பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நடத்துவேன். அந்தச் சுலபத்தை விட்டுவிட்டு வந்தவளைச் சோம்பேறி என்றால் வலிக்கத்தான் செய்யும்.

"வீட்டில் நெட் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?" நியாயமான கேள்வி. யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020இல் சொன்ன கணக்கின்படி, உலகில் 3 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை. இதை நான் ஒதுக்கிவிடவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பென் டிரைவில், மெமரி கார்டில் போட்டுக் கொடுக்கிறேன். அதுவும் முடியாதவர்களுக்கு ஒரு பக்கத் தாளில் அதே பாடமும் அதே கேள்விகளும் அச்சில் போகின்றன. காலையில் சீக்கிரம் வந்தால் ஆய்வகக் கணினியில் பார்க்கலாம். வீடியோவைச் சட்டமாக வைத்து, பார்க்காத பிள்ளையைத் தண்டிக்கும் வகுப்பு இருந்தால் அதை நானும் எதிர்ப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதே பிள்ளைக்கு இத்தனை வருடம் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினோமே, வீட்டில் சொல்லித் தர ஆள் இருக்கிறதா என்று யார் கேட்டோம்?

திரை நேரம் கூடுகிறதாம். ஆறு நிமிடம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை. பார்க்காமலே வந்தால்? முன்பும் படிக்காமல்தான் வந்தார்கள். இப்போது யாரென்று தெரிகிறது, வகுப்பின் முதல் சில நிமிடங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்கிறார்கள்.

"நாங்கள் எல்லாம் அப்படியே படித்து முன்னுக்கு வரவில்லையா?" வந்தீர்கள். உங்கள் பெஞ்சில் இருந்து பாதியில் காணாமல் போனவர்கள் இங்கே வந்து கருத்து எழுத மாட்டார்கள். அறிவியல், பொறியியல், கணிதக் கல்லூரி வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த முடிவு இது: விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களைப் பேசவும் செய்யவும் விட்ட வகுப்புகளில் அது சுமார் 22. அந்த வித்தியாசத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே குறை சொல்கிறார்கள் என்கிறார்கள். உண்மை, சிலர் சொல்கிறார்கள். "மிஸ், நீங்களே நடத்தினா நல்லா புரியுது" என்று என்னிடமே வந்து சொன்ன பிள்ளைகள் உண்டு. 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இதையே சோதித்தார்கள். விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், தாங்களே முட்டி மோதியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தபோது முட்டி மோதியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். புரிந்த மாதிரி இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கோபம் அந்தப் பெற்றோர்மீது மட்டும் இல்லை. 2020இல் பள்ளிகளை மூடியபோது மணிக்கணக்கில் வீடியோவை அனுப்பிவிட்டுப் பாடம் முடிந்தது என்றோம். வீடியோ என்றாலே ஏமாற்று என்று பெற்றோர் மனதில் பதிந்தது அப்போதுதான். இன்னமும் சில இடங்களில் செயலியும் திரையும் வாங்கி மாட்டிவிட்டு நவீன வகுப்பறை என்று விளம்பரம் செய்கிறார்கள், உள்ளே போனால் அதே விரிவுரை. 2015இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள்: இரண்டு வகுப்பிலும் மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்தினால், ஃப்ளிப்டு முறையால் மட்டும் கூடுதல் பலன் ஒன்றும் வரவில்லை. இதை எனக்கு எதிரான சான்றாக ஒருவர் அனுப்பி வைத்தார். நான் சொல்வதே அதுதானே! பலன் வீடியோவில் இல்லை, வகுப்பில் பிள்ளை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்று நமக்கு யார் சொன்னது? வராந்தாவில் நடந்து போகிறவர்களுக்கு அது நல்ல வகுப்பு. உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தவறான பதிலைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்தப் பெண் வருடத் தொடக்கத்தில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். அவள் கையை ஆட்டிப் பேச எத்தனை மாதம் ஆனது என்பது எனக்குத் தெரியும். வீடியோ பரவிய பிறகு, "மிஸ், என்னாலதான் உங்களைத் திட்டுறாங்களா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்க வேண்டி வந்ததற்கு எடுத்தவரும் பரப்பியவரும் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் முகம் தெரியும் அந்த வீடியோவை இன்றே எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். விளக்கத்தை எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன், முறையை மாற்றப் போவதில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த பாடம் ஒளிவிலகல். வீடியோவைக் கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றியாயிற்று, நடுவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெற்றோரும் உட்கார்ந்து பாருங்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் என்னிடமே கேளுங்கள்.