முகவரி சொல்லாமல் போன ஆயுள் கைதி

சிறையில் இருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பிய கடிதம் அண்மையில் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்த காரணம்: 'பெறுநர் முகவரி சொல்லாமல் சென்றுவிட்டார்.'

ஆயுள் கைதி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் அபாயச் சங்கு ஊத வேண்டாமா, எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போலீசார் டார்ச் அடித்துத் தேட வேண்டாமா? எவரும் பதறவில்லை. வாடகை பாக்கி வைக்காமல் காலி செய்த குடித்தனக்காரரைப் போல அவரை ஒற்றை வரியில் வழியனுப்பி வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அம்மா மனு பார்த்துவிட்டு (கைதியைச் சிறையில் போய்ச் சந்திப்பதை அப்படித்தான் சொல்வார்கள்) வந்திருந்தார்; கம்பிக்கு அப்பால் நின்று, ஏன் ஒருவரும் கடிதம் போடுவதில்லை என்று கோபித்துக்கொண்டது அண்ணனுடைய ஆவி போலும்.

உறையோடு சிறை வாசலுக்குப் போனேன். அதே மதிலுக்குள் வேறு தொகுதிக்கு அவரை மாற்றியிருக்கிறார்களாம். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டுமாம். அந்த எண் என்னவென்று கேட்டால், பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாதாம். கைதி எண், பெயர், தந்தை பெயர் என அத்தனையும் உறையில் இருந்தும், எனக்குச் சொல்லக் கூடாத எண்ணை நான் எழுதாததால் அவர் காணாமற்போனவர் ஆகிவிட்டார்.

2.50 ரூபாய் உள்நாட்டுக் கடிதங்களுக்குப் பதிலே வராததால், பதிவுத் தபாலையும் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்ட நிலையில், அதற்குரிய கட்டணத்தைக் கட்டித்தான் இதை அனுப்பினேன். தணிக்கை செய்பவர் கண்ணைச் சுருக்காமல் படிக்கட்டும் என்று அச்சடித்தாற்போல எழுதியிருந்தேன். பிரிக்கக்கூட இல்லை. பிரித்திருந்தால் அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அவருக்காவது தெரிந்திருக்கும். 1979இல், திகார் சிறையில் சக கைதி ஒருவர் சித்திரவதைக்கு ஆளானதைச் சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுதி அனுப்ப, அதையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. உள்ளிருந்து எழுதிய கடிதம் உச்ச நீதிமன்றம் வரை போகிறது. வெளியிலிருந்து எழுதியது வாசலைத் தாண்டி உள்ளே போக மறுக்கிறது.

அடுத்த மனுவில் அண்ணனிடம் விவரத்தைச் சொன்னபோது, "நான் எங்கே போனேன் என்று தெரிந்தால் எனக்கும் எழுதுடா" என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை; நேரம் முடிந்துவிட்டது என்று விரட்டிவிட்டார்கள்.