மாலத்தீவு முழுக்க ஹலால் இல்லை

"மாலத்தீவு முஸ்லிம் நாடு, எந்த ரிசார்ட்டிலும் மதுவோ பன்றியோ இருக்காது" என்று எழுதிய தம்பிக்கு: அது பாதிதான் சரி. அந்தத் தடை மக்கள் வாழும் தீவுகளுக்குத்தான். தனித்தீவு ரிசார்ட்டுகளுக்கு விலக்கு உண்டு. அங்கே மது தாராளமாகக் கிடைக்கும், பன்றி இறைச்சியும் பரிமாறலாம்.

களியக்காவிளைப் பக்கம் நிக்காஹ் முடிந்த கையோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் பிள்ளைகள் தம்பி எழுதியதை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. ரிசார்ட்டுதான் வேண்டுமென்றால் சமையலறை பற்றி எழுத்தில் கேளுங்கள். இல்லையா, மாஃபுஷி, திகுரா போன்ற ஊர்த்தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் எடுங்கள். பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும். காலையில் சூரை மீனும் தேங்காயும் பிசைந்த மாஸ் ஹுனியோடு ரொட்டி, அப்புறம் நாள் முழுக்கக் கடல். வெள்ளிக்கிழமை மட்டும் அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது, அன்று தீவு மாற வேண்டாம்.