விஸ்வரூபம்: அந்த ஒரு வரி இன்னும் உறுத்துகிறது

கமலின் 'விஸ்வரூபம்' படம் என்றதும் எல்லோரும், முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததால் தமிழக அரசு போட்ட 2013 தடையைத்தான் பேசுகிறார்கள். 144 தடை உத்தரவு போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள், கடைசியில் ஏழு இடங்களில் கைவைத்துப் பிப்ரவரி 7 அன்று இங்கே படம் வந்தது. தணிக்கை முடிந்த படத்தைத் தடுத்தது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் படத்தின் அரசியல் பேசப்படாமலே போய்விட்டது.

படத்தின் வில்லன், ஆப்கன் மலையில் இருக்கும் தீவிரவாதத் தலைவன் ஓமருக்குத் தமிழ் தெரியும். எப்படி? கோவையிலும் மதுரையிலும் ஒரு வருடம் மறைந்திருந்தானாம். வில்லன் தமிழ் பேச ஒரு காரணம் தேவைப்பட்டது, போகிற போக்கில் எங்கள் ஊரைச் சொல்லிவிட்டார்கள். நான் கோவைக்காரன். 1997 நவம்பரில் இங்கே 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேடு பக்கம் வருடக்கணக்கில் சோதனைச் சாவடிகள் இருந்தன. வாசலில் 'டு லெட்' போர்டு தொங்கும், பெயரைக் கேட்டதும் "நேத்துத்தாங்க ஆள் வந்துட்டாங்க" என்பார்கள். இப்படி அலைந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களும் தியேட்டரில் உட்கார்ந்துதான் அந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள்.

கமலுக்கு நுட்பம் தெரியாது என்று சொல்லவே முடியாது. தற்கொலைப் படைக்குத் தயாராகும் பையன் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆட்டிவிடச் சொல்கிறானே, அந்தக் காட்சி ஒன்று போதும். டாக்டராக ஆசைப்படும் ஓமரின் மகனும் அப்படித்தான். போர் அந்தப் பிள்ளைகளை என்ன செய்தது என்று இந்த இடங்களில் படம் நின்று பார்க்கிறது.

அமெரிக்கா என்று வந்தால் அந்தக் கூர்மை காணாமல் போகிறது. பெண்களையும் குழந்தைகளையும் அமெரிக்கர்கள் கொல்ல மாட்டார்கள் என்று ஓமர் வாயாலேயே நற்சான்றிதழ். படம் வருவதற்குப் பத்து மாதம் முன்பு, 2012 மார்ச்சில், காந்தகார் மாகாணத்துப் பஞ்ச்வாயில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் வீடு புகுந்து 16 பேரைக் கொன்றான். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான்.

"ஹீரோவே முஸ்லிம்தானே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். கமல் நடித்த விசாம் முஸ்லிம்தான், தொழுகிறான், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கிறான். ஒரு முஸ்லிமை நம்புவதற்கு அவர் இந்திய உளவு அமைப்பான 'ரா'வின் உளவாளியாக இருந்தே தீர வேண்டுமா? கடை நடத்துகிற, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிற, யாரையும் காப்பாற்றாத ஒரு சாதாரண முஸ்லிம் இந்தக் கதையில் என் கண்ணில் படவில்லை. நான் கேட்பது அந்த ஆளைத்தான்.