அம்மாவின் பீடிப் பாஸ்

உழைக்கச் சோம்பல்படுவதால்தான் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏழையாகவே இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவரை ஒருநாள் எங்கள் தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் பக்கம் கூட்டிப்போக வேண்டும்.

ஆச்சி பீடி சுற்றினாள், அம்மாவும் சுற்றினாள். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, மடியில் சுளகோடு உட்கார்ந்தால் சாயங்காலம் சுற்றியதைக் கொடுக்க பீடிக் கடைக்குப் போகும்வரை நிமிர மாட்டாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முனை மடக்குவது என் வேலை. கடையில் கழித்துப் போட்டதற்குக் கூலி கிடையாது. கடையில் தந்த இலை குறைந்தால் நம் காசில்தான் வாங்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். ஆனால் அம்மா பெயரில் பாஸ், அதாவது பீடிக் கம்பெனி தரும் கணக்குப் புத்தகம், இருந்தது. ஆச்சி கடைசிவரை அடுத்தவர் பாஸில்தான் சுற்றினாள். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான் என்றது 1966 பீடித் தொழிலாளர் சட்டம். பாஸ் இல்லையென்றால் அதெல்லாம் ஏட்டோடு சரி, பி.எஃப். கிடையாது.

தாத்தா படுக்கையில் விழுந்தபோது ஆச்சி தண்டல் வாங்கினாள். தண்டல் கணக்கு தெரியும்தானே? 9,000 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்க ஆயிரம் ரூபாய் வட்டிதான்; ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 75 சதவீதத்தைத் தாண்டும். அந்தக் கடனை அடைக்கத்தான் அம்மா எட்டாவதோடு நின்று சுளகைப் பிடித்தாள்.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். அம்மா பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்தாள், தண்டல்காரர் வாசலுக்கு வரவில்லை. நானும் படிப்பை நிறுத்தவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் சலுகையில் கல்விக் கட்டணம் தள்ளுபடியானது. நான் பெரிய கெட்டிக்காரன் எல்லாம் இல்லை.

"படித்தால் போதும், மேலே வந்துவிடலாம்" என்பதை அதனால்தான் நான் பாதிதான் நம்புகிறேன். படிக்கிற பிள்ளையை நடுவில் இழுத்துப் போடுவது பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு. முதல் சம்பளக்காரன் முதலில் தண்டலை அடைக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கென்று கொஞ்சம் ஒதுக்கட்டும், கல்யாண மண்டபத்தைப் பிறகு பார்க்கலாம். சொல்வது சுலபம். தங்கச்சி கல்யாணத்துக்கு நானே கடன் வாங்கி நாலு வருஷம் கட்டினேன். ஊர் வாய்க்குப் பயந்த செலவு அது, இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

அம்மாவுக்கு இப்போது மாதம் ஆயிரம் ரூபாய் பி.எஃப். பென்ஷன் வருகிறது. சிரிக்காதீர்கள். மாத்திரைக்கு என்னிடம் கேட்பதில்லை. மகள் பள்ளிக் கட்டணத்தை இந்த வருஷம் கடன் வாங்காமல் கட்டினேன்.