எழுதியவர்: ஜெரால்ட் வைலி

2006 மார்ச் 3 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரானி பார்க்கருக்கு நினைவு வழிபாடு நடந்தது. சிலுவை ஊர்வலத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏந்தி வருவதுதான் அங்கே வழக்கம். அன்று நான்கு வந்தன. ஏன் நான்கு என்று அங்கே கூடியிருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கு விளக்க வேண்டும். அந்த விளக்கத்தை எழுதவே இந்தப் பதிவு. சில நாள்களாக என் முகநூலில், பார்க்கரும் ரானி கார்பெட்டும் நடித்த 'ஃபோர் கேண்டில்ஸ்' (நான்கு மெழுகுவர்த்திகள்) குறுநாடகக் காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. நடித்த இருவரையும் எல்லோரும் புகழ்கிறார்கள். எழுதியவரின் பெயரை ஒருவரும் குறிப்பிடவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஓர் இரும்புச் சாமான் கடை. கல்லாவுக்குப் பின்னால் குள்ளமான ரானி கார்பெட். வாடிக்கையாளராக வரும் பார்க்கர் 'ஃபோர் கேண்டில்ஸ்' கேட்கிறார். கார்பெட் நான்கு மெழுகுவர்த்திகளை எடுத்து வைக்கிறார். வந்தவர் கேட்டதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்'. தோட்டத்து மண்ணைக் கிளறும் முள் கருவிக்கான கைப்பிடி! இங்கிலாந்தின் சாதாரண மக்கள் பலரின் பேச்சில் சொல்லின் தலையில் வரும் 'ஹ' விழுந்துவிடும். விழுந்தால் இரண்டு தொடர்களும் காதுக்கு ஒன்றுதான். பிறகு 'ஓஸ்' கேட்கிறார். களைக்கொட்டு ('ஹோ') வருகிறது, அது இல்லை. ரப்பர் குழாய் ('ஹோஸ்') வருகிறது, அதுவும் இல்லை. வாசல் கதவில் வீட்டின் பெயரைப் பதிக்க 'ஓ' என்ற எழுத்துகள்தான் அவருக்கு வேண்டுமாம். கடைக்காரர் ஏணியில் ஏறி இறங்குகிறார், பெட்டிகளை இழுக்கிறார், மூடுகிறார். பொறுமை ஒரு சொல்லுக்கு ஓர் இழையாக அறுகிறது.

நம் அணியிலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: பிரிமொழிச் சிலேடை. சொல்லைப் பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறிவிடும். தண்டியலங்காரம் படித்த எவருக்கும் அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று உடனே புரிந்துவிடும். சிலேடையை மட்டமான நகைச்சுவை என்று ஒதுக்குகிறவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஒரு மொழியின் ஒலி, உச்சரிப்பு, வட்டாரம், வர்க்கம் அத்தனையையும் விரல்நுனியில் வைத்திருப்பவரால்தான் இப்படி ஒன்றை எழுத முடியும்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இந்தக் குறுநாடகத்தை வசன வரிகளைப் படித்துக்கொண்டு பார்க்காதீர்கள். நான் முதல்முறை அப்படித்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பே வரவில்லை. திரையின் அடியில் 'மெழுகுவர்த்தி' என்றோ 'கைப்பிடி' என்றோ எழுதிய அந்த நொடியிலேயே புதிர் செத்துவிடுகிறது. இரண்டாம் முறை வரிகளை நிறுத்திவிட்டுக் காதால் மட்டும் கேட்டேன். அப்போதுதான் அது எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டது என்று தெரிந்தது.

பிபிசியின் 'தி டூ ரானிஸ்' நிகழ்ச்சியில் 1976 செப்டம்பரில் இது ஒளிபரப்பானது. எழுதியவர் ஜெரால்ட் வைலி.

வைலி 1968 வாக்கில் திடீரென்று முளைத்தவர். பார்க்கரும் கார்பெட்டும் அப்போது நடித்துவந்த டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரிடமிருந்து குறுநாடகங்கள் வரத் தொடங்கின. பார்க்கரின் முகவர் வழியாகத்தான் வந்தன. வைலி கூச்ச சுபாவம் உள்ளவர், யாரையும் சந்திக்க மாட்டார் என்று சொல்லப்பட்டது. எழுத்தோ அபாரம். யார் இவர் என்று குழுவே மண்டையைக் குடைந்துகொண்டது. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டாக இருக்கலாம் என்றார்கள். நகைச்சுவை எழுத்தாளர் ஃப்ராங்க் மியூர் என்றார்கள். வைலியின் ஒரு குறுநாடகம் கார்பெட்டுக்கு மிகவும் பிடித்துப்போய், அதன் உரிமையை வாங்க விரும்பினார். 3,000 பவுண்டு என்று பதில் வந்தது. அவ்வளவு கொடுக்க முடியாது என்றபோது வைலி அதை இலவசமாகவே தந்துவிட்டார். நெகிழ்ந்துபோன கார்பெட் நன்றியாகக் கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி அனுப்பிவைத்தார்.

கடைசியில் வைலியே குழுவினரை ஒரு சீன உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பார்க்கர் எழுந்து நின்று, நான்தான் வைலி என்றார். முதலில் யாரும் நம்பவில்லை.

இதை ஒரு விளையாட்டுக் கதையாக மட்டும் சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. பார்க்கர் அப்போதே பெயர் பெற்ற நடிகர். தன் பெயரில் கொடுத்திருந்தால் குழுவில் யாரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சலுகைதான் அவருக்கு வேண்டாம். தாளில் இருப்பது நன்றாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் குப்பையில் போடுங்கள் என்ற நிலையைத் தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்டார். வைலி எழுதிய சிலவற்றை, இது சரியில்லை என்று குழுவின் நடுவே அவரே தள்ளியும் இருக்கிறார். புகழின் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் தன் எழுத்தை இப்படிப் பரீட்சைக்கு அனுப்பியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது. அவர் ஏற்ற வேடங்களிலேயே பெரியது வைலிதான் என்பேன்.

இந்தக் கண்டிப்பு அவருக்கு மேடையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 1929இல் பெட்ஃபோர்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். வங்கியில் எழுத்தராக இருந்தார். 1948இல் அய்ல்ஸ்பரியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஊர் நாடகக் குழுக்கள் அடுத்தடுத்துப் புதிய நாடகம் போட்டாக வேண்டும். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு வரி எங்கே விழுந்தால் கூட்டம் சிரிக்கும், எங்கே விழுந்தால் இருமும் என்பதை அங்கேதான் கற்க முடியும்.

மற்றவர் எழுத்தையும் அதே மரியாதையோடு நடித்தவர் அவர். 'போரிட்ஜ்' தொடரில் (1974 முதல் 1977 வரை) சிறைக்கைதி ஃப்ளெட்சராக அவரைப் பார்த்திருக்கிறீர்களா? டிக் கிளெமென்டும் இயன் லா ஃப்ரெனேயும் எழுதியது. பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதை வைத்தே முழுக்க ஓர் அத்தியாயம் வரும். பார்க்கர் குரலை உயர்த்தவே மாட்டார்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. 'தி டூ ரானிஸ்' நிகழ்ச்சியின் பல காட்சிகளில் பெண்கள் வெறும் அலங்காரமாக வந்து போகிறார்கள். இரட்டை அர்த்த வசனங்களும் சில இடங்களில் அலுப்பூட்டுகின்றன. கடற்கரை ஊர்களில் விற்கும் குறும்புப் படங்கள் போட்ட அஞ்சலட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தவர் அவர். அந்த ரசனை எழுத்திலும் இறங்கியிருக்கிறது. அடுத்த தலைமுறை நகைச்சுவைக் கலைஞர்கள் தொலைக்காட்சியிலேயே இதைக் கேலி செய்தபோது அவர் மிகவும் காயப்பட்டார். 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' தொடரில் அவர் நடித்த மளிகைக் கடைக்காரருக்குத் திக்குவாயை வைத்துச் சிரிப்பு வரவழைத்ததை என்னால் இன்று மனம் ஒப்பிப் பார்க்க முடியவில்லை. எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

1987இல், 58 வயதில், நிறுத்திவிட்டார். வாய்ப்புகள் குறையவில்லை, பார்வையாளர்கள் குறையவில்லை. மனைவி ஜாயுடன் சிப்பிங் நார்ட்டனில் பழம்பொருள் கடை வைத்தார். பெரிய இடைவெளிக்குப் பிறகு 2002இல் சர்ச்சில் பற்றிய ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அவருடைய பணியாளராக வந்தார். 2005 அக்டோபர் 3 அன்று 76 வயதில் இறந்தார்.

சீன உணவகத்தில் உண்மை வெளிவந்த பிறகு ஒளிந்துகொள்ள எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஆனாலும் குறுநாடகங்களை அவர் வைலி என்றே கையெழுத்திட்டுக் கொடுத்தார். காணொளியைப் பகிர்கிறவர்கள் இனி இதையும் சேர்த்துவிடுங்கள்: நடிப்பு, ரானி பார்க்கரும் ரானி கார்பெட்டும், எழுத்து, ஜெரால்ட் வைலி.